எல்லார் கண்ணுக்கும் எட்டும் பலகை

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கத்தைத் தோளில் சுமந்துவரும் மூத்தோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவர்க்கும் நம் பணிவான வணக்கம்.

பின்வரிசையைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பின்வரிசையில் நிற்பவனைப் பற்றியது.

வெள்ளி விழா நினைவாக நம் சங்கக் கட்டடத்தின் மாடியில் படிப்பறை ஒன்று அமையவிருக்கிறது. 30 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்ட அறை. அதற்கென நான்கு கணிப்பொறிகளும், சுவரில் மாட்டும் பெரிய திரைகள் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. வழங்கிய நல்லுள்ளங்களுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். சென்ற மாதச் செயற்குழுவில் அவ்வறையின் வரைபடம் நம்முன் வைக்கப்பட்டது. அதில் நான்கு கணிப்பொறிகளும் ஒரே வரிசையாகச் சுவரை நோக்கி நின்றன. இரு திரைகளும் மேடைக்குப் பின்னால், கூரையை ஒட்டிய உயரத்தில் இருந்தன. கரும்பலகையைக் காணவில்லை. "திரை வந்த பிறகு பலகை எதற்கு ஐயா?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அன்று நாம் மறுமொழி கூறவில்லை. அது ஐந்து நிமிடத்தில் முடிகிற மறுமொழியாக இல்லை. ஆகவேதான் இந்த மேடையில் நேரம் கேட்டு வாங்கினோம்.

பல திரைகள் கொண்ட பணியறை ஒன்றை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டறையைத் தொலைக்காட்சி காட்டிற்று. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொருவர் முன்னும் அவரவர்க்கு உரிய திரை. எதிர்ச்சுவரில் எல்லோர்க்கும் பொதுவான பெருந்திரை. தம் பொறுப்பில் உள்ள கருவியைத் தம் திரையில் கவனிப்பவர், தலையை நிமிர்த்தினால் கலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொதுத்திரையில் கண்டார். ஒருவர் எழுந்து சென்று மற்றவரைக் கேட்கத் தேவையில்லை. அத்தனை பேரும் ஒரே கணத்தில் மூச்சை அடக்கினார்கள், ஒரே கணத்தில் கைதட்டினார்கள். கண்முன் இருந்தது ஒன்றே ஆதலால் அது நடந்தது.

நிலவுக்குக் கலம் அனுப்புகிறவர்க்குத்தான் இவ்வேற்பாடு பொருந்தும் என்று எண்ண வேண்டா. இலண்டன் நகரின் சுரங்க இரயில் கட்டுப்பாட்டறை ஒன்றில் கிறிஸ்டியன் ஹீத், பால் லஃப் என்னும் இரு ஆய்வாளர் நாள்கணக்கில் அமர்ந்து, அங்குள்ளோர் எவ்வாறு வேலை செய்கின்றனர் என்று கவனித்து 1992-இல் எழுதினர். அவ்வறையின் சுவர் நெடுகிலும் பாதையின் பெரிய வரைபடம் இருந்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது அதில் விளக்குகளாகத் தெரியும். வண்டிகளை நடத்துபவரும் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்பவரும் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒரு வண்டி தாமதமானால் முன்னவர் ஓட்டுநரிடம் தொலைபேசியில் பேசுவார். அப்பேச்சை இவர் காதாரக் கேட்டுக்கொண்டே, கண்ணால் சுவர்ப்படத்தையும் பார்த்துக்கொண்டே, யாரும் சொல்வதற்கு முன்னரே பயணிகளுக்கு அறிவிக்கத் தொடங்கிவிடுவார். ஒருவர்க்கொருவர் ஆணையிட்டுக்கொள்ளாமல் வேலை ஓடியது. அன்றாடக் கூட்டு வேலை என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பது கடைக்கண்ணில் பட வேண்டும். அவன் பேசுவது காதில் விழ வேண்டும். இருவர்க்கும் பொதுவான ஒன்று எதிரே நிற்க வேண்டும். நம் தாய்மார்கள் நடவு வயலில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

ஆயின் நமக்கு வேறொன்றும் தெரியும். பலகை எதிரே இருந்தால் மட்டும் போதாது. அதன் அருகே செல்ல யாருக்கு உரிமை என்பதும் ஒரு கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் சிறுவராகச் சாத்தாராவில் படித்தபோது, உட்காரச் சாக்குத் துண்டு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று வகுப்பின் ஓரத்தில் அமர்ந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னர் பம்பாயில் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததைத் தனஞ்சய் கீர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். வடிவக்கணக்கு ஒன்றைப் பலகையில் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரை அழைத்தார். வகுப்பு முழுதும் கூச்சல் எழுந்தது. சாதி இந்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பாத்திரங்கள் அக்கரும்பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் பலகையைத் தொட்டால் சோறு தீட்டாகிவிடுமாம். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பாத்திரங்களை வாரி எறிந்து அப்புறப்படுத்திய பின்னரே அவர் பலகையில் கோடு கிழிக்க முடிந்தது. பலகையைப் பார்ப்பது வேறு, பலகையில் எழுதுவது வேறு. பார்க்க மட்டும் விடப்பட்டவன் கூட்டாளி ஆகான். அவன் பார்வையாளனாகவே நின்றுவிடுகிறான்.

நம் புதுச்சேரிக்கு வருவோம். மிஷன் வீதியில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சம்பாக் கோயில் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன் அங்கிருந்த பழைய கோயிலின் உள்ளே, வடபுறத்தில், பறையர் கிறித்தவரை மற்றவரிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745-ஆம் ஆண்டு அக்டோபரில் காரைக்காலிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் அதனைக் கண்டார், நம் முன்னோர் திரண்டு சென்று, நாமும் பிள்ளைகள்தாமே, ஏன் இந்தப் பிரிவு என்று முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. இதனையும் இதனால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எழுதியவர் நம் பக்கத்து ஆள் அல்லர். எனினும் எழுதிவைத்தமைக்கு அவருக்கு நன்றி. ஒரே கூரை, ஒரே பீடம், ஒரே பூசை. நடுவில் ஒரு சுவர். அறையை அமைப்பவன் செங்கல்லாலும் சட்டம் எழுதுகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்தச் சுவர் போய் இரண்டரை நூற்றாண்டு கழிந்து, நம் ஊருக்கு மேற்கே வில்லியனூரில் நேர்மாறான ஒரு முயற்சி நடந்தது. 1998-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியுடன், வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கிற்று. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பிறகு நல்லவாடு எனப் பல ஊர்கள். (1954 அக்டோபரில் 178 பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு இணைவது குறித்து வாக்களித்த அதே கீழூர்தான். அவ்வூருக்குக் கூட்டாக முடிவெடுத்துப் பழக்கம் உண்டு.) நெல் விலை, மருந்து விலை, எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர் எப்போது இருப்பார், எந்த அரசுத் திட்டத்திற்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பன போன்ற செய்திகள் வில்லியனூரில் தமிழில் தொகுக்கப்பட்டு, கம்பியில்லா வானொலிக் கருவி வழியே ஊர்களின் கணிப்பொறிகளுக்குச் சென்றன. மின்சாரம் அடிக்கடி நின்றமையால் சூரிய ஒளித் தகடுகளையும் வைத்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கணிப்பொறியைப் பற்றியதன்று. இடத்தைப் பற்றியது. ஊரார் வாடகையின்றிப் பொது இடம் தர வேண்டும். அவ்விடத்துக்குச் சாதி வேறுபாடின்றி, தலித் மக்கள் உட்பட, யாவரும் வந்துபோக வேண்டும் என்பது முதல் நிபந்தனை. எம்பலத்தில் நிலையம் ஒரு கோயில் வளாகத்தில் அமைந்தது. பெண்களே அதனை நடத்தினர். கோயில் வாசலில் நம்மவர் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பதை அறிந்த நாம் இதனைச் சிறு செய்தியாகக் கொள்ள முடியாது. இரண்டாவதாக, திரையில் வந்த செய்தி திரையோடு நின்றுவிடவில்லை. நிலையத்திற்கு வெளியே அறிவிப்புப் பலகையில் தன்னார்வலர் அதனை எழுதி வைத்தனர். உள்ளே நுழையத் தயங்குபவரும், எழுத்து கூட்டிப் படிப்பவரும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் கரைக்கு அறிவித்தனர். கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருப்பவர் திரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. செய்தி அவரிடம் வந்தது. ஒரே செய்திக்குத் திரை ஒன்று, பலகை ஒன்று, குரல் ஒன்று. பல காட்சிப் பலகைகள் உள்ள பணியிடம் என்றால் நமக்கு முதலில் நினைவு வருவது நான்கு சுவருள் அடங்கிய கண்ணாடி அறையன்று, இந்த ஊர்களே.

2004 டிசம்பர் 26 காலை நல்லவாட்டில் நடந்தது உலகமறிந்த செய்தி. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசினார். நிலையம் அப்போது பூட்டியிருந்தது. ஊரார் உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 3,600-க்கு மேற்பட்ட மக்கள் அலை வருமுன் மேட்டுக்கு நகர்ந்தனர். வீடுகளும் படகுகளும் போயின; மக்கள் பிழைத்தனர். அந்தப் பூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

ஏனெனில் பூட்டைப் பற்றி நமக்கும் ஒரு குற்றவுணர்வு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்குக் கணிப்பொறிகள் வந்தன. வடபுற அறையில் வரிசையாகச் சுவரை நோக்கி வைத்து, தூசி படாமல் உறை போட்டு, கம்பிக் கதவுக்குப் பூட்டு மாட்டினோம். சாவி யாரிடம் இருந்தது? நம் சட்டைப் பையில். காணாமற் போனால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நம் தெருப் பிள்ளைதான், இரண்டு மூன்று நாள் வந்து கேட்டாள். "நாளைக்கு வாம்மா" என்றோம். நான்காம் நாள் அவள் வரவில்லை. அப்பிள்ளை இப்போது எங்கோ நன்றாகவே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். அதில் நமக்குப் பங்கில்லை. அரசு கொடுத்த பொருளைப் பழுதில்லாமல் காத்தோம், அவ்வளவே.

அறை திறந்த நாள்களிலும் கதை வேறு வகையில் கெட்டது. ஒரு கணிப்பொறிக்கு ஐவர் அறுவர் அமர்ந்தனர். மௌஸைப் பிடித்தவன் பிடித்தவனே. அவன் பெரும்பாலும் உரத்த குரல் உள்ளவன், அல்லது வீட்டில் ஏற்கெனவே கணிப்பொறி உள்ளவன். பெண்பிள்ளைகள் விளிம்பில் நின்றனர். இது நம் பள்ளிக்கு மட்டும் உரிய குறையன்று. பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிலர் கிராமப் பள்ளிகளில் இதே காட்சியைக் கண்டு, 2006-ஆம் ஆண்டளவில் எளிய வழியொன்றைச் சோதித்தனர். ஒரே திரை; ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மௌஸ்; திரையில் ஒவ்வொருவர்க்கும் தனி நிறத்தில் அம்புக்குறி. புதிய கணிப்பொறி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் மௌஸின் விலை மிகச் சிறிது. விளிம்பில் நின்ற பிள்ளைக்கும் திரையில் ஓர் இடம் கிடைத்தது. முதலில் அழுத்துபவன் வென்றான் என்று போட்டியாக வைத்தபோது பையன்கள் சிந்திக்காமல் அழுத்தினர். எல்லோரும் விடை சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும் என்று அமைத்தபோது ஒருவர்க்கொருவர் பேசிக்கொண்டனர். கருவி ஒன்றே, விதி மாறியதும் நடத்தை மாறியது.

பலகை எதற்கு என்று கேட்ட தம்பிக்கு இப்போது மறுமொழி கூறலாம். அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோ என்னும் ஊரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே மார்க் ஸ்டெஃபிக் என்பவரும் தோழர்களும் 1980-களில் 'கோலாப்' என்ற கூட்ட அறையை அமைத்தனர். இருவர் முதல் அறுவர் வரை அமரலாம். ஒவ்வொருவர்க்கும் ஒரு கணிப்பொறி. முன்னால் தொட்டு இயக்கும் பெரிய பொதுத்திரை. 1987-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குக் 'கரும்பலகைக்கு அப்பால்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டனர். கரும்பலகையில் ஒரே நேரத்தில் ஒருவரே வசதியாக எழுத முடியும்; எழுதியதை இடம் மாற்ற முடியாது; அழித்தால் திரும்ப வராது என்பன அவர்கள் கண்ட குறைகள். உண்மைதான். முப்பது ஆண்டு சுண்ணக்கட்டித் தூசி குடித்தவர் என்ற முறையில் நாமும் கையெழுத்திடுவோம்.

ஆனால் அவர்களே கண்டறிந்த இன்னொன்று உண்டு. எல்லோர் திரையிலும் எல்லா நேரமும் ஒரே காட்சியே தெரிய வேண்டும் என்று முதலில் கண்டிப்பாக வகுத்தனர். அது சரிப்படவில்லை. ஒருவன் எழுதிக்கொண்டிருக்கும் அரைகுறைச் சொல் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒருவர் நகர்த்தியது மற்றவர்க்குத் தொல்லையாயிற்று. எனவே பொதுவாகக் காண்பது சில, தனியே வைத்துக்கொள்வது சில என்று தளர்த்தினர். இது நமக்கு மிக முக்கியம். நம் பிள்ளை தப்பாக எழுதிவிடுவோமோ என்ற அச்சத்தோடு வளர்ந்தவன். தவறு செய்ய அவனுக்கு ஒரு மறைவிடம் வேண்டும். மதிப்பெண், ஆதார் எண், தந்தையின் வருமானம் ஆகியன பெருந்திரையில் விரிந்தால் அந்தக் குடும்பம் மறுநாள் படியேறாது. தன் திரையில் செய்து, திருத்தி, தானே விரும்பினால் பொதுத்திரைக்கு அனுப்புவது என்பதே நம் அறையின் விதியாக இருக்கட்டும். அனுப்பும் பொத்தான் அவன் கையில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கையில் அன்று.

செலவு மிகுந்த அமெரிக்க அறையைச் சொல்லிவிட்டுச் செலவற்ற நம் நாட்டு அறையைச் சொல்லாமல் விடலாமா? 2003-இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைவுகூருங்கள். ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளி வகுத்த முறையிலிருந்து பிறந்தது அது. வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் கருப்புப் பூசினர். தரையில் அமர்ந்த குழந்தையின் கைக்கு எட்டும் உயரம். ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் இடம். குழந்தைகள் வரைந்த படங்கள் கம்பியில் தொங்கின. யார் எந்தப் படியில் இருக்கிறார் என்பதை ஏணி அட்டை காட்டிற்று. ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். ஒரு பார்வையில் முப்பது பலகைகளையும் கண்டார். அம்முறையில் குறைகள் இருந்தன. ஆசிரியர்களாகிய நாம் அவற்றைப் பேசித் தீர்த்ததில்லை. 2022-இல் தமிழகத்தில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. காலம் மாறும். ஆனால் பலகை குழந்தையின் தோள் உயரத்திற்கு இறங்கி வந்தது என்பதை நாம் மறக்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரங்களை மறைத்து உயர நின்ற எல்ஃபின்ஸ்டன் பலகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நம் அறை. அங்கு என்ன வேலை நடக்கும் என்பதை வைத்தே அதை அமைக்க வேண்டும். சென்ற ஆண்டு கீழ்த்தளத்தில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். ஒரு குடும்பம் சாதிச் சான்றிதழுக்காக வந்தது. புதுச்சேரிக்கான ஆணை 1964-ஆம் ஆண்டினது ஆதலால், நம்மவர் பலர் தாத்தா காலத்துக் காகிதத்தைக் காட்டிப் பூர்வீகத்தை நிறுவ வேண்டியிருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மா மஞ்சள் பையில் பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவின் நகலைக் கொண்டுவந்தார். அதைப் படிக்கத் தெரிந்தவர் நம் சங்கத்தில் ஒரே பெரியவர். வயது எண்பதை நெருங்குகிறது. கணிப்பொறியில் அடிக்கத் தெரிந்தவன் கல்லூரி மாணவன். விவரம் அறிந்தவர் அந்த அம்மா. மூவரும் ஒரு சிறு திரையின் முன் நெருக்கியடித்தனர். பெரியவர்க்குத் திரை எழுத்துத் தெரியவில்லை. அவர் வாயால் சொல்ல, மாணவன் அடித்தான். முனுசாமி என்னும் பெயரைப் பிரெஞ்சுக்காரர் எழுதும் முறை வேறு, நாம் இன்று ஆங்கிலத்தில் எழுதும் முறை வேறு. 'உ' என்னும் ஒலிக்கு அவர்கள் இரண்டு எழுத்துப் போடுவார்கள். மாணவன் தன் பழக்கப்படி அடித்துவிட்டான். பதிவிலுள்ள பெயரும் விண்ணப்பத்திலுள்ள பெயரும் ஒத்துவரவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு மாதம் போயிற்று. அதற்குள் அந்தப் பிள்ளையின் சென்டாக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. மூவரும் அறிவுள்ளவர்கள். மூவரும் ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் பார்க்க முடியாமற் போனதே குறை.

இதே வேலையைப் புதிய அறையில் எண்ணிப் பாருங்கள். ஒரு பெருந்திரையில் பழைய பதிவின் படம் பெரிதாக நிற்கிறது. மறு திரையில் அந்த அம்மாவின் இசைவோடு பெயர்ப் பகுதி மட்டும் தெரிகிறது. பெரியவர் நாற்காலியில் அமர்ந்தபடியே இரண்டையும் ஒப்பிடுகிறார். "தம்பி, அங்கே ஓர் எழுத்து விட்டுப்போயிற்று" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

ஆகையால் செயற்குழுவுக்கு நம் வேண்டுகோள்கள் இவை. திரைகளை மேடைச் சுவரில் மாட்டினால் கடைசிப் பிள்ளைக்கும் திரைக்கும் 30 அடி. நீண்ட சுவரில் மாட்டினால் நேரெதிரே அமர்ந்தவர்க்கு 18 அடிக்கு மேல் இராது. ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்தது, எழுதிய பின் கடைசி வரிசைக்குப் போய் நின்று உன் எழுத்தை நீயே படித்துப் பார் என்பது. கிழக்குச் சன்னலுக்கு எதிரே திரை வேண்டா. காலையில் கண்ணாடியில் வானம்தான் தெரியும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கட்டும். பாயில் அமர்ந்தவர் கழுத்தை முறித்துக்கொள்ள வேண்டா. கணிப்பொறிகளைச் சுவரை நோக்கி வைக்காமல், நடுவில் மேசைகளைச் சேர்த்து இரண்டிரண்டாக வையுங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே இன்னொரு முக்காலி போடும் இடைவெளி விட்டு. சுவரை நோக்கி அமர்ந்தவன் முதுகைத்தான் ஊருக்குக் காட்டுகிறான். பின்னால் நின்று மேற்பார்ப்பது எளிது என்று நண்பர் ஒருவர் கூறினார். நாம் அமைப்பது படிப்பறை, காவல் நிலையமன்று.

இரு திரைகளுக்கும் நடுவில் ஆறடிக்குக் கரும்பலகை. அது மின்சாரம் போனாலும் அணையாது. கடவுச்சொல் கேட்காது. சென்டாக், உதவித்தொகை, தேர்வு ஆகியவற்றின் கடைசி நாள்களும், எந்த வேலையை யார் ஏற்றிருக்கிறார் என்பதும் நாள் முழுதும் அதில் நிற்கட்டும். உள்ளே வருகிற எவரும், எழுத்தறியாத தாயும்கூட, தம் பிள்ளை பெயருக்கு நேரே கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சுண்ணக்கட்டி தாழ்வாக, எட்டு வயதுப் பிள்ளைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் இரண்டு மௌஸ் வாங்க வேண்டும். அந்தச் செலவை நாம் ஏற்கிறோம்.

பூட்டுக்கு வருவோம் என்று சொன்னோம். செயலாளர் அவர்கள் திருட்டைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. பொருளுக்குப் பொறுப்பு அவர்தாம். அறைக்குப் பூட்டு இருக்கட்டும். சாவி மூன்று செய்வோம். ஒன்று செயலாளரிடம். ஒன்று கல்லூரி மாணவர் குழுவிடம். மூன்றாவது மகளிர் குழுவிடம். ஏனெனில் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் வருவதும் வராததும் கதவைத் திறப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. யார் எந்நாள் திறக்கிறார் என்பதையும் பலகையிலேயே எழுதிவிடலாம். நம்மிடம் சாவி வேண்டா. நம் சட்டைப் பையைப் பற்றி முன்னரே சொல்லிவிட்டோம்.

தச்சர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அளவெடுக்க வருகிறார். ஆளுக்கொரு பாயோடு நாலைந்து சிறுபிள்ளைகளையும், முடிந்தால் அந்தப் பெரியவரையும் மாடிக்கு அழைத்து வாருங்கள். அவர்களை உட்கார வைத்து, அவர்கள் கண் எங்கே இருக்கிறதோ அங்கே சுவரில் கோடு போட்டுக்கொள்வோம்.